கூடாரத்தின் மறுபக்கம்

அவைத்தலைவர் அவர்களே, துறைப் பேராசிரியர்களே, மாணவ நண்பர்களே,

அரபு நாடுகளின் கிராமங்களையும் பாலைவனக் குடிகளையும் பற்றி 1970கள் வரை எழுதப்பட்ட மானிடவியல் நூல்களில் பெரும்பாலானவை மஜ்லிஸில், அதாவது ஆண் விருந்தினரை அமரவைக்கும் இடத்தில், இருந்துகொண்டு எழுதப்பட்டவை. ஆய்வாளர் ஆண், அவருக்குத் தேநீர் கொடுத்தவர்களும் அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களும் ஆண்கள். திரைக்கு அப்பால் என்ன பேசப்பட்டது என்பதை அவர் கேட்டதும் இல்லை, கேட்க வழியும் இல்லை. ஆனால், தாம் பார்க்காத அந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற தொனியில்தான் பலரும் எழுதினார்கள்.

கெய்ரோவில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிந்தியா நெல்சன், 1974இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். மண உறவின் வழியாக இரு குடிகளுக்கும் உரியவளாகி, இங்குள்ள செய்தியை அங்கும் அங்குள்ள செய்தியை இங்கும் கொண்டுசெல்பவள் பெண். எந்தப் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்ற பேச்சு தொடங்கும் இடத்தில் இருப்பவளும் அவளே. குடிகளுக்கிடையிலான உடன்பாடு திருமணத்தின் மேல் நிற்கும் ஒரு சமூகத்தில் இது அரசியல் அல்லாமல் வேறென்ன? ஜித்தாவின் செல்வக் குடும்பங்களை ஆராய்ந்த சவூதிப் பெண்ணான ஸொராயா அல்துர்கியும் இதையே காட்டினார். மணமகளை நேரில் பார்க்கக்கூடியவர்கள் மணமகனின் தாயும் சகோதரிகளும்தான். ஆண்கள் தாம் முடிவெடுத்ததாக நம்பிய பல திருமணங்கள், பெண்கள் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தன.

இந்தப் பக்கத்தை மிக நெருக்கமாகக் காட்டியவர் மானிடவியலாளர் லைலா அபூ லுகோத். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், அலெக்சாந்திரியாவுக்கும் லிபிய எல்லைக்கும் இடையே வாழும் அவ்லாத் அலி என்ற பதூயின் (பாலைவன நாடோடி) குடியினரிடம் 1978இல் ஆய்வுக்குச் சென்றபோது, பாலஸ்தீனரான தந்தையும் அவருடன் சென்று மகளை அந்தக் குடும்பத்தாரிடம் அறிமுகப்படுத்தினார். துணையின்றி வரும் மணமாகாத பெண்ணைக் கேட்பாரற்றவள் என்றே அங்கு நினைத்திருப்பார்கள் என்பதும், தந்தை வந்ததால்தான் தம்மை வீட்டு மகளாக ஏற்றார்கள் என்பதும் அவருக்குப் பின்னரே விளங்கின. அங்கே மணமான பெண் இடுப்பில் சிவப்புக் கம்பளிக் கச்சை கட்டி, தலையில் கருந்துணி அணிகிறாள். மாமனாரைப் போன்ற மூத்தவர் வந்தால் அந்தத் துணியை இழுத்து முகத்தை மறைக்கிறாள்; தன்னைவிட இளையவர் முன்னும் ஏவலர் முன்னும் மறைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு மதிப்பு என்ற கணக்கு அந்த ஒரு துணியின் அசைவில் இருக்கிறது. கணவன் இரண்டாம் மனைவியைக் கொண்டுவந்தால் "எனக்கென்ன" என்று எல்லார் முன்னும் சொல்லும் அதே பெண், நெருங்கியவர்களிடையே ‘கின்னாவா’ என்னும் இரண்டு அடிப் பாட்டில் தன் மனமுறிவைச் சொல்கிறாள். வெளிப்பேச்சில் மானம், பாட்டில் வலி, இரண்டும் அவளுடையவையே.

வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய செய்தி அடுத்து வருகிறது. கூடார வாழ்க்கையில் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் உறவினர். ஆகவே பெண்கள் தாராளமாக நடமாடினார்கள். குடி ஓரிடத்தில் நிலைபெற்று, சுவர் வைத்த வீடுகள் எழுந்து, சாலை வந்து, அறிமுகமற்றோரின் வண்டிகள் வாசலருகே ஓடத் தொடங்கியதும், பெண்கள் வீட்டுக்குள் இருக்கவும் கூடுதலாக முகம் மறைக்கவும் நேர்ந்தது. வளர்ச்சித் திட்ட அறிக்கைகள் முன்னேற்றம் என்று எண்ணும் வீடும் சாலையும்தான் இங்கே நடமாட்டத்தைச் சுருக்கின. இளம்பெண்கள் சந்தையில் வரும் மெல்லிய உள்ளாடைகளுக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கும் ஆசைப்பட்டு மூத்த பெண்களின் கேலிக்கு ஆளானதை அபூ லுகோத் 1990இல் எழுதினார். அந்த ஆசை மூத்தோரின் அதிகாரத்தை மீறுவதுதான். ஆனால் அவற்றை வாங்கும் பணம் கணவனிடமிருந்து வரவேண்டும். ஒரு பிடி தளர, இன்னொரு பிடி இறுகுகிறது. பெண்களின் சின்னஞ்சிறு மீறல்களை எல்லாம் விடுதலை என்று கொண்டாடிவிட வேண்டாம் என்று அவர் எச்சரித்ததும் இதனால்தான்.

அப்படியானால் சட்டமும் அரசும் தேவையில்லையா என்று கேட்கலாம். தேவை. துனிசியா விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே, 1956 ஆகஸ்டில், பிரதமர் புர்கீபாவின் அரசு பலதார மணத்தைத் தடைசெய்து, மணமுறிவை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே பெற முடியும் என்றாக்கியது. வாரிசுச் சொத்துப் பங்கீட்டை அது தொடவில்லை. இத்தகைய சட்டத்தின் பலனை எந்த மானிடவியல் நுட்பமும் குறைத்துச் சொல்ல முடியாது. நான் ஐயுறுவது, அரபுப் பெண்ணுக்காக வெளியார் விடும் கண்ணீரை. எகிப்தை ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி குரோமர் பிரபு, அங்கே முகத்திரையைக் காட்டி இஸ்லாத்தைச் சாடினார். இங்கிலாந்து திரும்பியதும் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்த ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

2002இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அரபு மனித வளர்ச்சி அறிக்கை, சுதந்திரம், அறிவு, பெண்களின் ஆற்றல் ஆகிய மூன்றிலும் அரபுலகம் பின்தங்கியிருப்பதாகச் சொன்னது. அதை எழுதியவர்கள் அரபு அறிஞர்களே என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. ஆனால் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பினால் மற்றவை தாமே வரும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. ஜோர்தானின் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் அதிகம். சம்பள வேலையிலோ வேலை தேடுவதிலோ இருக்கும் பெண்கள் ஏழில் ஒருவர் அளவே. அரசு வேலைகள் சுருங்கின, தனியார் வேலையில் பயணமும் நேரமும் ஒத்துவரவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மதத்தின்மேல் பழியைப் போட்டு முடித்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சவூதி அரேபியாவில் 2018இல் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்தது. 2017இல் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த உழைக்கும் பெண்களின் பங்கு, 2022இல் மூன்றில் ஒருவரைத் தாண்டியது. அவர்கள் வேலைக்குப் போகும்போது பல வீடுகளில் சமையலையும் குழந்தையையும் பார்ப்பவள், கஃபீலின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரில் விசா பெற்று வந்த வெளிநாட்டுப் பெண். அவர்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன நம் பெண்களும் உண்டு. எந்த மஜ்லிஸ் ஆய்வாளரும் நுழையாத அறைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் அவர்கள். மாமியார் மருமகள் பேச்சு, மகளின் மேற்படிப்பைப் பற்றிய வாக்குவாதம், பெண் பார்க்க வந்தவர்களின் விசாரணை எல்லாம் அவர்கள் காதில் விழுந்தவை. சம்பளம் தராத கொடுமையையும் அடியையும் பற்றி அவர்களிடம் கேட்கிறோம்; கேட்கத்தான் வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள், யாருடைய சொல் எங்கே எடுபட்டது என்று கேட்டு எழுதும் ஆய்வை இந்தத் துறையின் மாணவர்கள் மேற்கொள்ள வேண்டும். அதற்கான கேள்விகளை அரபு தெரிந்த ஒருவரின் துணையுடன் இந்த ஆண்டே தயாரிக்கத் தொடங்கலாம்.