முதல்ல தண்ணிக்கு வழி விடுங்கோ

கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஆத்துக் கழிமுகம், கடல்தண்ணி ஏறி இறங்கிற சேத்தில வளர்ற கண்ணாக்காடு (அலையாத்திக் காடு), அங்க சீவிக்கிற சனம், இதுகளைப் பற்றிக் கதையுங்கோ எண்டு கேட்டவை. யாழ்ப்பாணத்தில ஆறு எங்க கிடக்கு, மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கையாறு ஒண்டுதானே எண்டு நீங்கள் யோசிப்பியள். ஆனா வன்னிக்குள்ளால வாற கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியிலதான் வந்து விழுது, இஞ்சால வடமராட்சி, உப்பாறு எண்ட கடல்நீரேரியள் எண்டு மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் கலக்கிற இடம் எங்களைச் சுத்தித்தான் கிடக்குது.

ஒரு சம்பவம் சொல்லுறன். சுனாமி முடிஞ்ச அடுத்த வருசம் ஒரு நிறுவனம் வந்து எங்கட ஊர்க் கரையில கண்ணா நட்டது, நானும் போய் நட்டனான். முருங்கைக்காய் மாதிரி நீட்டா இருக்கிற வித்து, முழங்காலளவு சேத்துக்குள்ள நிண்டு குத்திக் குத்தி வச்சனாங்கள், பின்னேரம் போட்டோ எடுத்திட்டுப் போயிட்டினம். நாலைஞ்சு மாசத்தால போய்ப் பாத்தா அடியில இருந்து கணு வரைக்கும் வெள்ளை வெள்ளையாச் சின்னச் சிப்பி அப்பிப்போய் நிக்குது, ஒண்டைப் பிடிச்சு இழுத்தன், அழுகின தும்பு மாதிரிக் கையோட வந்திட்டுது. பக்கத்து வீட்டு மாமா, தடி நட்டுச் சிறகுவலை கட்டி மீன் பிடிக்கிற மனுசன், அவர்தான் சொன்னவர்: "உந்த இடம் வருசம் முழுக்க வத்தாது பிள்ளை, என்ர அப்புன்ர காலத்திலயும் உதில கண்ணா நிண்டதில்லை, என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே." எனக்கு இண்டைக்கும் அந்தக் கேள்விதான் மனசுக்குள்ள நிக்குது.

எங்கட கரையில மட்டும் இல்லை. இலங்கையில கண்ணா நட்ட 23 இடங்களைப் போய்ப் பாத்து எழுதின ஆய்வு ஒண்டு 2017இல வந்தது, அதில 9 இடத்தில ஒரு கன்று கூடத் தப்பேல்லை, பாதிக்கு மேல தப்பினது மூண்டு இடத்தில மட்டும்தான்.

ஏன் சாகுது எண்டா, கண்ணாக்காட்டில நிக்கிற வெண்கண்டல் எண்ட மரத்தடியில போய்ப் பாருங்கோ, பென்சிலைத் தலைகீழாக் குத்தி வச்ச மாதிரிச் சேத்துக்கு மேல வேர் நிக்கும், மரம் மூச்சு விடுறது அதாலதான். எந்த நேரமும் தண்ணி மூடி நிண்டா மூச்சு முட்டிச் செத்துப்போகும். தண்ணி வராமலே காய்ஞ்சு உப்புப் பூத்தாலும் சாகும். இலையின்ர பின்பக்கத்தை நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும், அந்தளவு உப்பை வெளிய தள்ளுற மரத்துக்கும் ஒரு எல்லை இருக்குத்தானே.

இதுக்கு மருந்து எங்களுக்கு அங்கால கரையில, தமிழ்நாட்டில சிதம்பரத்துக்குக் கிட்ட பிச்சாவரத்தில செய்து பாத்திருக்கினம். வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில இருக்கிற காடு அது, காவேரியின்ர கடைசி. முந்தி மொத்தமா மரம் வெட்டின இடம் பள்ளமாப் போய், தண்ணி உள்ள வந்து திரும்பிப் போக வழியில்லாமல் நிண்டு வத்தி உப்பேறிப் போச்சுது. தொண்ணூறுகளில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்ச்சனத்தோட சேந்து, மீன்முள்ளு மாதிரி நடுவில ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சரிவாச் சின்ன வாய்க்கால் எண்டு வெட்டி கடல்தண்ணி ஏறி இறங்க விட்டவை. அதுக்குப் பிறகுதான் கன்று. எங்கட பக்கம் கடல் ஏறி வத்துறது ஒரு மீற்றருக்கும் குறைவு, அதால வாய்க்கால் ஒரு சாண் மேடு தட்டினாலே தண்ணி நிண்டிடும், வருசா வருசம் தூர் வாரத்தான் வேணும். அந்த வேலையை அங்கயே இறால் பிடிக்கிற சனத்துக்குக் கூலி குடுத்துச் செய்விக்க வேணும் எண்டுதான் நான் கேக்கிறன். கையால தடவி இறால் பிடிக்கிற ஒரு அக்காவுக்கு, கன்று நட்டிருக்கு உள்ள வராதை எண்டு வேலி அடைச்சா அண்டைக்கு அவவின்ர வீட்டில அடுப்பு எப்பிடி எரியும்?

வடமராட்சி ஏரி கடலோட சேருற வாயில கதவு போட்டுக் கட்டின தொண்டைமானாறு அணையைப் பற்றியும் சொல்ல வேணும். தோட்டக்காரர் கதவைப் பூட்டச் சொல்லுவினம், உவர் ஏறினா கிணறு கெட்டுப்போகும், எங்கட சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நல்லதண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதானே நிக்குது, அவை சொல்லுறது உண்மை. மீன்பிடிக்கிற ஆக்கள் திறக்கச் சொல்லுவினம், இறால் கடலில முட்டை விட்டுக் குஞ்சு ஏரிக்குள்ள வந்துதான் வளருது, அதுவும் உண்மை. ஏரியளைக் கடலில இருந்து மறிச்சு நல்லதண்ணியாக்கப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல போட்ட யாழ்ப்பாணத்துக்கு ஆறு எண்ட திட்டத்திலயும் இந்த ரெண்டும் முட்டும். குடிதண்ணி கட்டாயம் வேணும், நான் அதுக்கு எதிரில்லை, ஆனா எந்த மாசம் எத்தினை கதவு திறக்கிறது எண்டு முடிவெடுக்கிற மேசையில வலைகாரரும் இருக்க வேணும், அதை நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

வல்லை, தொண்டைமானாறு, நாகர்கோயில், அரியாலைப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையளிட்ட ஒண்டு கேக்கிறன். உங்கட ஊரில ரோட்டாலயோ மண்ணாலயோ மூடுப்பட்ட வாய்க்கால் எங்கால ஓடினது, எந்த இடம் எந்த மாசம் வத்தும், எங்க கண்ணா தானா முளைக்குது எண்டு அப்பு ஆச்சியவையிட்டக் கேட்டு ஒரு கொப்பியில கீறி வையுங்கோ. மாரி துவங்க முந்திச் செய்தியள் எண்டா நல்லம், மழை பெய்யேக்க அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்த் தண்ணி இப்பவும் அதாலதான் போகப் பாக்குதோ எண்டு நேர நிண்டு பாக்கலாம்.