உப்புத் தண்ணீரில் ஐதரசன் தயாரித்துப் படகு இயந்திரத்துக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். வந்திருக்கும் சந்தேகங்களில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறார், அதனால் இதற்கு உடனடியாகப் பதில் சொல்வது அவசியம். திருகோணமலை, திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருப்பதை வாசிக்கிறேன்.

"பிளாஸ்ரிக் போத்தலுக்குள் இரண்டு துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை வைத்து, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, 12 வோல்ற் கார் பற்றரியைத் தொடுத்தேன். குமிழிகள் நன்றாக வருகின்றன. ஆனால் அரை மணித்தியாலத்தில் தண்ணீர் கபில நிறமாகிவிட்டது, மூக்கை அரிக்கும் மணமும் வருகிறது. இந்த வாயுவை லொறி ரியூபில் சேர்த்து அப்பாவின் படகு இயந்திரத்துக்குக் காற்றோடு கலந்து கொடுத்தால் மண்ணெண்ணெய் மிச்சமாகுமா?"

தம்பி, முதலில் அந்த ரியூபைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் வாயுவைச் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே சேர்த்திருந்தால், வீட்டுக்கு வெளியே, அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில், வால்வைத் திறந்து விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். இரண்டு தகடுகளும் ஒரே போத்தலுக்குள் இருப்பதால் உங்களுக்குக் கிடைப்பது தனி ஐதரசன் அல்ல. எரிபொருளும் அதை எரிக்கவல்ல வாயுக்களும் ஒன்றாகக் கலந்த கலவைதான் கிடைக்கிறது. சமையல் எரிவாயுச் சிலிண்டருக்குள் எரிவாயு மட்டுமே இருக்கிறது, ஆகவே அது வெளியே கசிந்து காற்றோடு சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். உங்கள் ரியூபுக்குள்ளோ வெடிப்பதற்குத் தேவையான இரண்டும் முன்கூட்டியே அளந்து கலக்கப்பட்டிருக்கின்றன. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை கலந்திருந்தாலும் ஐதரசன் பற்றிக்கொள்ளும், அதைப் பற்றவைக்க 0.02 மில்லியூல் அளவுள்ள பொறியே போதும். அது ஏறத்தாழப் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான பொறியின் பத்தில் ஒரு பங்குதான்.

இதை நான் பட்டு அறிந்தவன். உயர்தரம் படித்த காலத்தில், வீட்டு விறாந்தையில், இதே போன்ற கலப்பு வாயுவை ஒன்றரை லீற்றர் போத்தலில் பிடித்து வைத்திருந்தேன். நெருப்பு எதுவும் அருகில் இல்லை. வேலை முடிந்ததென்று பற்றரி முனையிலிருந்து கவ்வியைக் கழற்றினேன், அப்போது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு சிறு பொறி பறந்தது. போத்தல் நீளவாக்கில் கிழிந்து முற்றத்தில் கிடந்தது, மூடி கூரைத் தகட்டில் ஒரு குழியை உண்டாக்கியிருந்தது, இரண்டு நாட்களுக்கு என் வலக்காதில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. என் தங்கை அன்று அந்தப் பக்கம் வராதது எங்கள் குடும்பம் செய்த புண்ணியம். ஆகவே பற்றரியைக் கவ்வியால் தொடுத்துக் கழற்றாமல், நீண்ட வயரின் மறுமுனையில், வாயு சேரும் இடத்திலிருந்து தள்ளி, ஒரு சுவிச்சைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த மணம். வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து கிணறுகளுக்குக் குளோரீன் தூள் போடும்போது எழும் மணம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் போத்தலிலிருந்து வருவதும் அதுவே. சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைட்டு என்பதால், நேர்முனையோடு தொடுத்த தகட்டில் ஒட்சிசனுக்குப் பதிலாகப் பெரும்பாலும் குளோரீன் வெளிப்படுகிறது. கடல்நீரை எடுத்தாலும் இதுவே நடக்கும். பூட்டிய அறைக்குள் அதைச் சுவாசித்தால் நுரையீரல் புண்ணாகும். குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கையும் அரித்துவிடும். கபில நிறம் தகட்டிலிருந்து கழன்ற இரும்பின் துரு. அந்த உருக்கில் குரோமியமும் இருக்கிறது. நேர்முனைத் தகட்டில் அது ஆறு வலுவளவுள்ள குரோமியமாக மாறிக் கரையக்கூடும், அந்த வடிவம் தோலைப் புண்ணாக்குவதோடு புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. கையுறை இல்லாமல் அந்த நீரைத் தொட வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியபோது, கரையில் இழுத்துவிட்ட படகுகள் கடலுக்கு இறங்க முடியாமல் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்க முடியாதா என்று அந்தக் குடும்பங்களில் ஒரு பிள்ளை கேட்பது மிகவும் நியாயமான கேள்வி, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டுமானால் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

உங்கள் போத்தலில் 10 அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் பற்றரி கொடுப்பது 120 வாற்று மணித்தியாலம். வெளிவரும் வாயுவின் அளவைத் தீர்மானிப்பது மின்னோட்டமே தவிர வோல்ற்றளவு அல்ல என்பது பரடேயின் விதி. அதன்படி 10 அம்பியரில் ஒரு மணித்தியாலத்துக்கு, நம் ஊர் வெப்பநிலையில், ஏறத்தாழ நாலரை லீற்றர் ஐதரசன் கிடைக்கும். நாலரை லீற்றர் என்றால் நிறைய என்று தோன்றும், ஆனால் அதன் எடை அரைக் கிராமுக்கும் குறைவு. அதை முழுவதுமாக எரித்தாலும் கிடைப்பது சுமார் 12 வாற்று மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிலீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கியிருக்கும் சக்தி. தேக்கரண்டி ஒன்றுக்கு 5 மில்லிலீற்றர் பிடிக்கும், அதில் மூன்றிலொரு பங்கைக்கூட இது எட்டவில்லை. படகு இயந்திரமோ முழு வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குப் பல லீற்றர் குடிக்கும்.

மிச்சம் நூற்றுக்கு மேற்பட்ட வாற்று மணித்தியாலம் எங்கே போனது? போத்தலைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தண்ணீரைச் சூடாக்கவே அது செலவாகியிருக்கிறது. தண்ணீரைப் பிரிக்க ஒரு சோடித் தகட்டுக்கு அடிப்படையில் 1.23 வோல்ற்றும், நடைமுறையில் 2 வோல்ற் அளவும் போதும், நீங்கள் 12 வோல்ற்றைக் கொடுத்திருக்கிறீர்கள். ஏழு தகடுகளை நிரையாக அடுக்கி, நடுவில் ஆறு அறைகளை உண்டாக்கி, இரு ஓரத் தகடுகளுக்கு மட்டும் மின்னைக் கொடுத்தால் அதே மின்னோட்டத்தில் ஆறு மடங்கு வாயு வரும். அப்போதும் அது 8 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஈடாகாது, கொடுத்த மின்சக்தியை விடக் குறைவாகவே இருக்கும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். சாம்பலை மறுபடி விறகாக்க விரும்பினால், எரிந்தபோது வெளிவந்த வெப்பத்துக்குக் குறையாத சக்தியை நாம் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். மேலும் கயிறு இழுத்து முடுக்கும் சிறிய படகு இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியை மின்னேற்றும் வசதியே கிடையாது, ஆகவே வீட்டு மின்சாரப் பட்டியலில் பணம் கொடுத்துத்தான் அந்தப் பற்றரியை நிரப்ப வேண்டும்.

"இப்படியான ஐதரசன் போத்தலைப் பூட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் எண்ணெய் மிச்சமானது" என்று சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைப் பொருத்தியவர் காபரேற்றரையும் துப்புரவாக்கி, கைப்பிடியையும் மெதுவாகத் திருகுவார், மிச்சம் அங்கிருந்து வருகிறது. ஆனால் தண்ணீரிலேயே கார் ஓடும் என்று சொல்லிப் பணம் திரட்டுவது வேறு விடயம். அமெரிக்காவில் ஸ்ரான்லி மேயர் என்பவர் அப்படிச் சொல்லி முதலீடு பெற்றபோது, ஒகையோ மாநில நீதிமன்றம் அதை மோசடி என்று 1996இல் தீர்ப்பளித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது.

பரிசோதனையைக் கைவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உப்புக்குப் பதிலாகச் சிறிதளவு சலவைச் சோடாவைக் கரையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், காற்றோட்டமான இடத்தில் ஒரு அம்பியருக்கு மேற்படாமல் செய்யுங்கள். இரண்டு சோதனைக் குழாய்களில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் ஒரு தகட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, வாயுக்களைத் தனித்தனியே பிடியுங்கள். ஒன்றில் நீர்மட்டம் இரண்டு விரல் இறங்கும்போது மற்றதில் ஒரு விரல் இறங்குவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். நேரத்தையும் அம்பியரையும் குறித்து, நான் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் அதற்கான காரணத்தை அடுத்த காணொளியில் சேர்ந்து தேடுவோம்.

அந்தக் கபில நிறத் தண்ணீரைக் கிணற்றடியிலோ கடற்கரை மணலிலோ ஊற்ற வேண்டாம், உங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் மிகவும் ஆழமின்றி இருக்கிறது. மணம் அடங்கும்வரை திறந்தவெளியில், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பிறகு மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றி, உள்ளே இருப்பது என்னவென்று மேலே எழுதி ஒட்டி, உங்கள் பாடசாலை இரசாயனவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.