உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்

ஆண்டவருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,

ஏசாயா ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில், ஆண்டவர் உயரமும் உன்னதமுமான சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கக்கண்டேன்." தரிசனத்தைச் சொல்ல வந்த தீர்க்கதரிசி சாவுச் செய்தியோடு ஆரம்பிக்கிறார்.

யூதாவை ஆண்ட உசியா லேசுப்பட்ட ராஜா இல்லை. இரண்டாம் நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை வீட்டில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். 16 வயதில் பட்டத்துக்கு வந்தார். 52 வருடம் அரசாண்டார். எருசலேமில் கோபுரங்கள் கட்டினார், அநேக துரவுகளை வெட்டினார், படையைப் பலப்படுத்தினார். வெள்ளாண்மைப் பிரியர் என்றுகூட வேதம் எழுதிவைத்திருக்கிறது. வேறு ராஜாவைப் பார்க்காமலேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். ஆனால் பலப்பட்டபின் அவருக்கு மனமேட்டிமை வந்துவிட்டது. ஆசாரியர்கள் செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைந்தார். அசரியாவும் 80 ஆசாரியர்களும் குறுக்கே நின்று தடுத்தார்கள். தூபகலசம் கையில் இருக்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில்தான் இருந்தார்.

அப்படிப்பட்ட ராஜாவின் அரியணை காலியான வருடத்தில்தான், காலியாகாத சிங்காசனத்தை ஏசாயா பார்த்தார்.

ஒரு தலைவர் போய்விட்டால் நாட்டுக்கே திகைப்பு வரும் என்பது நமக்குத் தெரியாததா? 2015 மார்ச் 23 அன்று நம் சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் யூ காலமானார். நாடாளுமன்றத்தில் அஞ்சலி செலுத்த, பாடாங் மைதானத்தைச் சுற்றி இரவும் பகலும் வரிசை நின்றது. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். 29ஆம் தேதி கொட்டும் மழையில் இறுதி ஊர்வலம் நடந்தது. அன்று குருத்தோலை ஞாயிறு என்பதைப் பலர் மறந்திருப்பீர்கள். காலையில் ஆலயத்தில் ஓசன்னா பாடினோம், மதியம் அவரவர் வீட்டில் தொலைக்காட்சி முன் கண்கலங்கினோம்.

அழுததில் ஒரு தவறும் இல்லை. கனம்பண்ண வேண்டியவரைக் கனம்பண்ணச் சொல்கிறது ரோமர் 13. நான் பேசுவது நன்றியைப் பற்றி இல்லை, நம்பிக்கையைப் பற்றி. முதல் குருத்தோலை ஞாயிறன்று எருசலேம் கூட்டத்தில் பலர் ரோமரை விரட்டப்போகிற ராஜா என்றுதான் இயேசுவை எதிர்பார்த்தார்கள். அவர் சிலுவைக்குப் போனதும் அந்த எதிர்பார்ப்பு உடைந்துபோனது.

நம் தமிழ் மக்களின் கதையிலும் ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். 1943 அக்டோபர் 21 அன்று, இங்கே கேத்தே கட்டடத்தில், நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு வருடம் நிறைவதற்குள், அவருக்குத் துணைநின்ற ஜப்பான் சரணடைந்தது. அவர் விமான விபத்தில் இறந்தார் என்ற செய்தியும் வந்தது.

அதே அக்டோபரில், கேத்தேயிலிருந்து சில நிமிட நடையில், ஆர்ச்சர்ட் ரோடு ஒய்எம்சிஏ கட்டடத்தில், கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் காவலில் ஒருவர் அடிபட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் ஆங்கிலிகன் பேராயர் லியோனர்ட் வில்சன். அவருடைய பிரிட்டிஷ் அரசின் படை 1942 பிப்ரவரி 15 அன்றே புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜப்பானியரிடம் சரணடைந்துவிட்டது. விழவே விழாது என்று பெருமை பேசிய கோட்டை இந்தச் சிங்கப்பூர்! அவரைக் காப்பாற்ற எந்தப் பிரபுவும் இல்லை. உன் தேவன் ஏன் உன்னை விடுவிக்கவில்லை என்று அடித்தவர்கள் கேட்டார்கள். வேதனையை நீக்கி அல்ல, அதைத் தாங்கும் பலத்தைக் கொடுத்து என்னைக் காப்பாற்றுகிறார் என்றார். அடித்தவர்களின் முகம் இறுகிக் கொடூரமாக இருந்தபோது, ஒருகாலத்தில் இவர்களும் குழந்தைகள்தானே என்று நினைத்துப் பார்த்தாராம். போருக்குப் பிறகு, தன்னை வதைத்தவர்களில் ஒருவருக்குத் தன் கையாலேயே திடப்படுத்தல் கொடுத்தார். இதைச் செய்யும் வல்லமையை எந்த அரசாங்கத்தால் தர முடியும்?

"பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்" என்கிறது 146ஆம் சங்கீதம். இன்று நம் கைபேசிகளில் வாட்ஸ்அப் செய்திகள் சுற்றுகின்றன. அமெரிக்காவிலோ இந்தியாவிலோ ஒரு தலைவரைக் காட்டி, இவரே கர்த்தர் எழுப்பின பாத்திரம், இவர் ஜெயித்தால் சபை பிழைக்கும் என்கிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். ரோம ராயர்கள் சிங்கங்களுக்கு முன் தள்ளியபோதும் சபை பிழைத்தது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பொறுப்பு. சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இல் இயற்றிய சட்டமும் பிரசங்க மேடையைக் கட்சி மேடையாக்க இடம் தராது. அது நல்லதுதான்.

அதே சங்கீதத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். கர்த்தர் பசித்தவனுக்கு ஆகாரம் கொடுக்கிறார், பரதேசிகளைக் காப்பாற்றுகிறார், திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஆதரிக்கிறார். அவரை நம்புகிறவன் அரசியல் பேசி ஓய்ந்துவிட முடியாது. துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியில் அடிபட்ட காலோடு படுத்திருக்கும் தம்பியைப் பார்க்க யாராவது போக வேண்டும். ஆராதனை முடிந்து வேன் கிளம்புகிறது; இன்னும் இடம் இருக்கிறது.

சரி, எழுந்து நிற்போம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபம்பண்ணும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். முதலில் நம் பிரதமருக்காகவும் அமைச்சர்களுக்காகவும், அடுத்து எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்காகவும் ஜெபிப்போம். தமிழில் மூப்பர் ஒருவர் தொடங்கட்டும், மற்றவர்கள் தொடருங்கள்.