மேற்குச் சுவர் எழும்பிவிட்டது! (மூன்று அங்குலப் பலகையின் கதையும் சேர்த்து)

வணக்கம் மக்களே! பின்னால் ஓவென்று கேட்கிறதே, அது காற்று. தென்காசியில் ஆடி மாதம் வெளியே நின்று பேசினால் இந்தச் சத்தம் இல்லாமல் இருக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நேராக நம் மனைக்குத்தான் வருகிறது.

இதோ பாருங்கள், நாம் கட்டும் வீட்டின் மேற்குச் சுவர்! போன வீடியோவில் என் முழங்கால் உயரம் இருந்தது. நேற்று சாயங்காலம் லின்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டத்தின் மட்டத்துக்கு, ஒரு வரிசை கீழே வரை வந்துவிட்டது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வந்து இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரே வரி. இது ராட் டிராப் பாண்ட், எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுகிறோம். வெளிப்பக்கம் 3 அங்குலம், உள்பக்கம் 3 அங்குலம், நடுவில் 3 அங்குலம் வெற்றிடம். இரண்டு பக்கத்தையும் பிணைக்க இடையிடையே ஒரு குறுக்குக் கல். மொத்தம் அதே 9 அங்குலச் சுவர்தான். நடுவில் அடைபட்ட காற்று வெயில் சூட்டை உள்ளே எளிதில் விடாது. நம் பக்கம் இதைப் பரப்பியவர் லாரி பேக்கர். திருவனந்தபுரம் வீடியோவில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸைக் காட்டினேனே, சுழன்று சுழன்று மேலே போகும் செங்கல் கோபுரம், அது அவர் கட்டியதுதான். அந்த ஜாலிச் சுவரை, அதாவது இடைவெளி விட்டுக் கட்டிய துளைச் சுவரை, பார்த்துக்கொண்டே இரண்டு காபி குடித்தேன். நம் வீட்டுக்கும் ஜாலி வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

சரி, பலகைக்கு வருகிறேன். நீங்களும் அதற்குத்தான் காத்திருப்பீர்கள். முதல் நான்கு வரிசை முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெற்றிடத்தில் பாதி கலவை! கரண்டியால் இழுக்கும்போது உள்ளே விழுந்து, இறுகி, இரண்டு பக்கத்துக்கும் பாலம் போட்டுவிட்டது. அந்தப் பாலம் வழியாகச் சூடு உள்ளே வரும், சாரல் ஈரமும் வரும். வெற்றிடம் வைத்ததே வீண். எனக்கு வயிறு எரிந்தது. மேஸ்திரி அண்ணாச்சி நல்ல வேலைக்காரர், ஆனால் முப்பது வருஷம் கெட்டிச் சுவர் கட்டிய கை அது. "என்னம்மா, உள்ளே கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். நான் பார்ப்பேன் அண்ணாச்சி என்று சொன்னேன்.

மர அறுவை மில்லில் போய் ஒரு வேங்கைத் துண்டு வாங்கி வந்தேன். 4 அடி நீளம், அகலம் 3 அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. 80 ரூபாய். இரண்டு முனையிலும் கயிற்றுப் பிடி. கலவை போடும் முன் இதை வெற்றிடத்தின் மேல் நீளவாக்கில் வைத்தால், குறுக்குக் கற்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஓரத்திலும் கலவையை இழுத்துவிட்டு, பலகையை மேலே தூக்கு. மேலே ஒட்டிய கலவையைச் சட்டியில் வழித்துவிட்டு அடுத்த நான்கு அடிக்கு நகர்த்து. அவ்வளவுதான்! முதல் நாள் அண்ணாச்சி முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், பலகை எங்கே என்று சித்தாளிடம் அவரே சத்தம் போடுகிறார். கலவையும் வீணாவதில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இந்த வீட்டிலேயே நான் வாங்கிய சிறந்த பொருள் இந்த 80 ரூபாய்ப் பலகைதான், சத்தியமாக.

கணக்கு கேட்பீர்கள். திறப்புகளைக் கழித்து 140 சதுர அடிச் சுவர். கெட்டியாகக் கட்டினால் 1,280 கல் ஆகியிருக்கும். நமக்கு 1,060 ஆனது. மிச்சம் 220 கல், பத்து ரூபாய் வீதம் 2,200 ரூபாய். நாலில் ஒரு பங்கு வரை மிச்சமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு வரவில்லை, ஏனென்றால் அடி வரிசையும் மூலைகளும் ஜன்னல் ஓரங்களும் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாவது லோடு கல் ஒன்றுக்கொன்று நீளம் ஒத்துவரவில்லை. குறுக்குக் கல் கால் அங்குலம் நீண்டால் போதும், சுவருக்கு வெளியே பல் மாதிரி துருத்தும். பூசாத சுவரில் அதை மறைக்க வழியில்லை. நானே உட்கார்ந்து டேப் வைத்து அளந்து பிரித்தேன். அந்தச் சூளைக்கு இனி போக மாட்டேன்.

மிச்சம் என்றால் காசு மட்டும் இல்லை. கலவை குறைந்தால் சிமென்ட் குறைகிறது, வெளிப்பூச்சு இல்லையென்றால் இன்னும் குறைகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருள் புகை கூட இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே வெளிவிடும் வாயு. அதனால் சிமென்ட் சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் இந்தப் பங்கு குறையாது. சிமென்டைக் குறைவாகப் பயன்படுத்துவதுதான் நம் கையில் இருக்கும் நேரான வழி.

அப்புறம், எனக்கு எரிச்சல் மூட்டிய ஒரு விஷயம். போன வாரம் ஒருவர் மனையைப் பார்க்க வந்தார். "வடக்கில் வெயிலே விழாது, முழுச் சுவருக்கும் கண்ணாடி போடுங்கள். மேற்கில் ஜன்னலே வைக்காதீர்கள்" என்றார். எங்கோ டெல்லிப் பக்கம் வரைந்த பிளானுக்கு அது பொருந்தும். நாம் இருப்பது 9 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை, உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். நேற்று சாரல் விட்ட நேரத்தில் 3 அடிக் குச்சியை நட்டுப் பார்த்தேன். பன்னிரண்டரை மணிக்கு நிழல் ஏழரை அங்குலம், தெற்குப் பக்கம்! ஸ்க்ரீனில் போட்டோ போடுகிறேன். வடக்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு கட்டாயம் உண்டு. உச்சி வெயில் செங்குத்தாக வருவதால் அதற்கு அது போதும்.

மேற்கு வெயில் அப்படி இல்லை. சாயங்காலம் தாழ்வாக, படுத்துக்கொண்டு வரும். எவ்வளவு நீள சன்ஷேடு போட்டாலும் அடியில் நுழைந்துவிடும். ஆனால் நம் ஊருக்கு நல்ல காற்றே மேற்கிலிருந்துதான் வருகிறது. அதற்குப் போய் முதுகைக் காட்டவா? அதனால்தான் இந்தச் சுவருக்கு முன்னால் எட்டடித் திண்ணை, அதன் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் செங்கல் ஜாலி. வெயில் ஜாலியில் உடையும், காற்று உள்ளே வரும், சாரலும் திண்ணையோடு நின்றுவிடும். என் ஆச்சி வீட்டுத் திண்ணையும் மேற்குப் பார்த்ததுதான். ஆடியில் யாரும் உள்ளே படுத்து நான் பார்த்ததில்லை.

அய்யோ, சொல்ல மறந்துவிட்டேன், சுவரின் கடைசி வரிசை! லின்டலுக்குக் கீழே உள்ள வரிசையைக் கெட்டியாகக் கட்டி வெற்றிடத்தை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் கான்கிரீட் மொத்தமும் உள்ளே இறங்கிவிடும். கட்டப் போகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு அந்த வரிசை இன்றைக்குத்தான் நடக்கிறது.

அடுத்து கூரை. ஃபில்லர் ஸ்லாபுக்கு, அதாவது கான்கிரீட்டின் ஒரு பகுதிக்குப் பதில் ஓடு வைத்து வார்க்கும் தளத்துக்கு, பழைய மங்களூர் ஓடு தேடுகிறேன். ஸ்லாபின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி, அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் ஓடுகளை வைத்துவிடலாம். உடைக்கும் வீடு எதாவது உங்கள் பக்கம் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், கடையநல்லூர் வரை நானே வண்டியோடு வருகிறேன். அண்ணாச்சி கூப்பிடுகிறார், பலகை என் கையில் இருக்கிறது. இதோ வருகிறேன் அண்ணாச்சி!