காதும் கொம்பும்
(கூடலூரில், டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் நாள் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தேவாலாவிலிருந்து இந்தப் பனியில் பைக்கிலேயே வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, நகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே! அம்மா பாதியில் கிளம்ப வேண்டுமாம். பட்டா விஷயத்தை முதலிலேயே பேசிவிடு என்று செயலாளர் என் காதைக் கடித்தார். நான் அதைக் கடைசியில்தான் பேசுவேன். அம்மா தயவுசெய்து இருக்க வேண்டும். இடத்தை வாடகை இல்லாமல் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், மழைக்குப் பிறகு மைக் செட்டைக் காயவைத்துப் பேச வைத்த தம்பிக்கும், பின் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் என் எஸ்டேட் சொந்தங்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சட்டப்படி குடியேறியவர், சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவர், இவர்களுக்கு இடையே நாட்டின் கொள்கை நியாயமாக இருக்கிறதா என்பது. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது, நியாயம் என்ன சொல்கிறது, 1986-இல் அமெரிக்கா கொடுத்த பொதுமன்னிப்பிலிருந்து நாம் என்ன கற்கலாம்.

'முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம்' என்று எங்கள் வீட்டில் ஒரு பழமொழி ஓயாமல் ஓடும். என் அப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் அதுதான். ரேஷன் கடை வரிசையில் ஒருவன் புகுந்தால் அது. தம்பிக்கு என்னைவிடப் பெரிய முட்டை கிடைத்தால் அதுவும் அது. குடியேற்றம் பற்றிப் பேசும்போது சட்டப்படி வந்தவனின் மனக்குறையும் இதுதான். நான் மனுப் போட்டேன், வருடக்கணக்கில் காத்திருந்தேன், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தேன், ராத்திரியோடு ராத்திரியாகக் கரையேறியவனுக்கும் எனக்கும் ஒரே மரியாதையா? கேட்கத்தான் செய்வான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டுக்கு எல்லை வேண்டும், வருகிறவன் யார் என்று பார்க்க ஆள் வேண்டும். சரி.

ஆனால் எங்கள் கதையைக் கேளுங்கள்.

காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இலங்கைக்குக் கங்காணிகள், அதாவது ஆள்பிடிக்கிற மேஸ்திரிகள், பிடித்துக்கொண்டு போன சனம் நாங்கள். போனபோது பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. நாலு தலைமுறை அங்கே மலையை வெட்டிய பிறகு, 1948-இல் இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. ஒரே சட்டத்தில் எங்களவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 'கள்ளத்தோணி' என்று எங்களைத் திட்டினார்கள். தோணியையே பார்க்காமல் அட்டன் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த குழந்தைக்கும் அதே பெயர்! 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். பெரியப்பா சொத்தைப் பிரிக்கிற மாதிரி. எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

அப்பா 1973-இல் வந்தார். கண்டியில் இந்திய பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாருக்குக் கோச்சி, அதான் ரயில், ஏறி, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார். நூற்றுக்கு நூறு சட்டப்படி. அந்த பாஸ்போர்ட்டையும் பேமிலி கார்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மண்டபத்தில் ஓர் அதிகாரி, "எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இந்தியாவில் தெரிந்த ஊர் ஒன்றுகூட இல்லை. தாத்தா சொன்ன ஊர்ப் பெயர் பாதி மறந்துபோய், புதூர் என்று மட்டும் ஞாபகம். "எந்தப் புதூர்?" என்றாராம் அதிகாரி. தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! திருச்சிப் பக்கம் ஒன்று, சேலம் பக்கம் பத்து. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு புதூரைச் சொல்லி உதவப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிழவி, "எங்க புதூருக்கு வா தம்பி, கிணத்துல தண்ணி இருக்கு" என்றாளாம். மண்டபத்து வெயிலில் அப்பாவுக்குச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, குளிர் இருக்கிற ஊர் எதுவானாலும் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டு நீலகிரி என்று எழுதினார். எங்களைப் போன்றவர்களுக்காகவே 1968-இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டத்தில் சேரங்கோட்டில் வேலை கிடைத்தது. நாங்கள் நீலகிரிக்காரர்கள் ஆனது அந்த வேர்வையால்தான்.

(கைதட்டுகிறீர்கள், நன்றி. அப்பா இருந்திருந்தால் இன்னும் இரண்டு புதூர் சேர்த்திருப்பார்.)

அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என் அத்தை, அங்கேயே இருந்துவிட்டார். மாமா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தவர், அந்த மூன்று லட்சத்தில் ஒருவர். 1977 கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியதும் வவுனியாவுக்கு ஓடினார்கள். 1990-இல் மறுபடி சண்டை வந்தபோது படகில் ராமேஸ்வரம். அதே மண்டபம் முகாம். அப்பாவோடு நானும் பார்க்கப் போனேன். அத்தை கம்பி வேலிக்குப் பின்னால் நின்று, "அண்ணே, நீ இருந்த அதே ஷெட்டா இது?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே முகாம். அப்பா குடிமகன். அத்தை சட்டவிரோதக் குடியேறி. இது நான் வைத்த பெயர் இல்லை. 2003-இல் திருத்திய குடியுரிமைச் சட்டப்படி, பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவருக்கு அதுதான் பெயர், அவர் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற முடியாது. 1992-இல் முகாமில் பிறந்த அத்தை மகனும் குடிமகன் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவன் என்பதால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், இதில் யார் காது, யார் கொம்பு?

அத்தை ஏன் சட்டப்படி வரவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா வந்த அந்தக் கப்பல் 1984-இலேயே நின்றுபோயிற்று. வாசலைப் பூட்டிவிட்டு, ஏன் கொல்லை வழியாக வந்தாய் என்று கேட்டால் எப்படி? 2019-இல் திருத்தம் வந்தபோது, 2014 டிசம்பர் 31-க்குள் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்குக் கதவு திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் ஆவணம் இல்லை என்று வழக்குப் போட மாட்டோம் என 2025-இல் மத்திய அரசின் ஓர் உத்தரவு வந்தது. நல்லதுதான். ஜெயிலில் போட மாட்டார்கள், குடிமகனாகவும் ஏற்க மாட்டார்கள். எப்படி வந்தாய் என்பதை மட்டும் பார்த்து, ஏன் வந்தாய், எத்தனை வருடமாக இருக்கிறாய் என்பதைப் பார்க்காத கொள்கை நியாயமாகாது. இதுதான் என் கட்சி.

அப்படியானால் சட்டப்படி வந்த அப்பா சுகமாக இருந்தாரா? பணி ஓய்வுக்குப் பிறகு கையிலிருந்த காசைப் போட்டு இந்தப் பக்கம் ஒரு சரிவில் வீடு கட்டினார். அப்புறம்தான் தெரிந்தது, அது பிரிவு 17 நிலம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1969-இன் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பழைய ஜென்மி நிலக்கிழார்கள் எஸ்டேட்டுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம். பட்டா கிடையாது, கரண்ட் கிடையாது. அரசியல் சட்டத்தையே உரைத்துப் பார்த்த உச்ச நீதிமன்ற ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு, 2007 ஜனவரி 11-இல் வந்ததே, அந்த வழக்கு கிளம்பியது நம் கூடலூர் ஜென்ம நிலத்திலிருந்துதான். டெல்லி வரை போன மண்ணில் எங்கள் வீட்டில் என் தங்கை சிம்னி விளக்கில் பத்தாம் வகுப்புப் படித்தாள். ஓர் அலுவலகத்தில் அப்பா அந்த டின்னைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டியபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர், "பெரியவரே, இது நீங்க வந்ததுக்கு ஆதாரம், இருக்கிறதுக்கு ஆதாரம் எங்கே?" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழமொழிப்படி பார்த்தால் இந்த மலையில் காது பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும்தான். நாங்கள் கொம்பு. அவர்களை மறைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு பட்டா வேண்டாம். அதனால் இன்று கையெழுத்து வாங்கும் மனுவில் முதல் கோரிக்கையாக அவர்களுடைய வன உரிமையைப் போட்டிருக்கிறோம். குடியிருப்பவர்களுக்குப் பட்டாவும் மின் இணைப்பும் இரண்டாவது. அம்மா இன்னும் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. நகராட்சியில் ஒரு தீர்மானம் போட்டுத் தந்தால் பெரிய உதவி.

அமெரிக்கா பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மனு டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் வைத்திருக்கிறோம். அதில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு. போன முறை பாதிப்பேர் அதைக் காலியாக விட்டுவிட்டீர்கள். கூடலூர் என்றே எழுதுங்கள். வணக்கம்.