சமுதாய மறுமலர்ச்சி: மதரஸா வாசலிலிருந்து

நேயர்கள் அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

முஸ்லிம் சமுதாயம் தளர்ந்துவிட்டது, அதைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற பேச்சை நம் வேலூர் வட்டாரத்தில் ஜும்ஆ மேடையிலும் கேட்கலாம், கல்லூரி ஆண்டு விழாவிலும் கேட்கலாம். மார்க்கத்தை விட்டு விலகியதால் வந்த தளர்ச்சி என்பார் ஒருவர். காலத்தோடு நடக்கத் தவறியதால் வந்தது என்பார் மற்றவர். முன்னவரைப் பழமைவாதி என்றும் பின்னவரைச் சீர்திருத்தவாதி என்றும் பிரித்துவிடுகிறோம். ஆனால் நம் மண்ணின் வரலாறு இந்தப் பிரிவினைக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை என்பதே என் நெடுநாளைய எண்ணம்.

ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவரை இறைவன் அனுப்புவான் என்ற கருத்துள்ள நபிமொழி, அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே புதுப்பித்தல் என்பது மேற்கிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு அன்று. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மார்க்கக் கல்விக்குப் புத்துயிர் ஊட்டுவதையே தம் பெருநூலின் தலைப்பாக்கினார். 18ஆம் நூற்றாண்டில் டெல்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் குர்ஆனைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அவருடைய புதல்வர்கள் அதை உருதுவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களெல்லாம் மதரஸா என்னும் மார்க்கக் கல்விக்கூடத்தில் பாடம் சொன்ன ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள்.

பிறகு 1857இன் கிளர்ச்சியும் அதன் தோல்வியும் வந்தன. அந்த அதிர்ச்சிக்கு வட இந்தியா சொன்ன பதில்கள் பல. மார்க்கக் கல்விக்கென 1866இல் தேவ்பந்த் மதரஸா. நவீனக் கல்விக்கென 1875இல் சர் சையத் அஹ்மத் கானின் அலிகர் கல்விக்கூடம். இரண்டையும் இணைக்கும் நோக்கத்தோடு 1894இல் நத்வத்துல் உலமா என்ற ஆலிம்கள் அமைப்பு. எகிப்தில் முஹம்மத் அப்துஹு என்ற அறிஞர் அல்அஸ்ஹர் கல்விக்கூடத்தின் பாடத்திட்டத்தைச் சீர்திருத்தப் போராடிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ இதே காலம்தான்.

பாடத்திட்டம் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, இனி என்னை நிறுத்துவது கடினம். எங்கே பேசினாலும் சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நம் மதரஸாக்களுக்கு அடிப்படையாக இருப்பது, லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் 18ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய நிஜாமிப் பாடத்திட்டம். அதில் தர்க்கமும் தத்துவமும் கணிதமும் வானியலும் இடம்பெற்றிருந்தன. அரசாங்க வேலைக்குப் போகிறவனும் மார்க்கத் தீர்ப்பு வழங்குகிறவனும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கத் தக்க திட்டம் அது. கணக்கும் வானியலும் மதரஸாவுக்கு அந்நியம் என்று இன்று நினைக்கிறவர்கள், அவர்களுள் ஆலிம்கள் சிலரும் உண்டு, அந்தப் பழைய திட்டத்தையாவது ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பழமையை முழுமையாகப் பின்பற்றினாலே பாதிச் சீர்திருத்தம் நடந்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊருக்கு வருவோம். வேலூரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா, தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் ஆலிம்களை உருவாக்கித் தந்தது. குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்து வெளியிட்ட முன்னோடி அப்துல் ஹமீத் பாகவி அங்கே படித்தவர். வேதத்தை மொழிபெயர்ப்பதே தகுமா என்ற தயக்கம் பலருக்கு இருந்த நாளில் அந்தப் பணியில் இறங்கினார். மக்கள் தம் வேதத்தைத் தம் மொழியில் படிக்க வழிசெய்வதைவிடப் பெரிய சீர்திருத்தம் எது? அதைச் செய்தவர் மதரஸாக்காரர்.

மறுபுறம், வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் தோல் வணிகர் காகா முஹம்மத் உமர் 1924இல் ஜாமியா தாருஸ் ஸலாம் மதரஸாவை நிறுவினார். மத்ஹப் எனப்படும் மார்க்கச் சட்ட நெறிகளின் வேறுபாடுகளைத் தாண்டி மாணவர்கள் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மேல்விஷாரத்தில் 1965இல் அப்துல் ஹக்கீம் கல்லூரி தொடங்கியது. மதரஸாவுக்கும் கல்லூரிக்கும் நம் வட்டாரத்தில் வாரி வழங்கியவர்கள் பெரும்பாலும் தோல் வணிகர்களே. மண்டியில் ஆட்டுத்தோலை விரித்துத் தரம் பிரித்த கை, மாலையில் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நன்கொடை எழுதியது. அவர்கள் முரண்பாடு எதையும் காணவில்லை.

ஆனால் கட்டடங்கள் அருகருகே நின்றும் பாடங்கள் பேசிக்கொள்ளவில்லை. சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் மக்தபு எனும் குர்ஆன் ஓதும் பள்ளிக்கு வரும் சிறுவன் ரேஹால் பலகையில் குர்ஆனை வைத்து, ஓதித் தரும் ஹஸ்ரத்தின் விரல் நகரும் வரியைத் தொடர்ந்து ஓதுகிறான். எட்டு மணியானதும் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வாசலில் சாய்த்து வைத்த புத்தகப்பையைத் தோளில் மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறான். காலையில் ஓதிய வசனம் வானத்தையும் மழையையும் சிந்திக்கச் சொல்கிறது. பத்து மணிக்கு அறிவியல் ஆசிரியர் மழை பொழியும் விதத்தை விளக்குகிறார். இரண்டும் ஒரே பிள்ளையின் காதில் விழுகின்றன என்பது அவ்விரு ஆசிரியர்களுக்கும் தெரியாது. ஆண்டுக்கு இருமுறை அவர்களை ஒரே அறையில் அமர வைத்துத் தேநீர் கொடுத்தால் போதும் என்று ஜமாஅத் பெரியவர்களிடம் நான் சொல்லி வருகிறேன். இது பெரிய செலவுள்ள சீர்திருத்தம் அன்று.

பெண் கல்வி குறித்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக ஒன்று மட்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் தைக்கிறவர்களுள் மிகப் பலர் பெண்கள். உழைப்பில் முன்னிற்கும் பெண்கள் கல்வியில் பின்தங்கக் கூடாது. நிஸ்வான் மதரஸா எனும் பெண்கள் மதரஸாவில் ஆலிமா பட்டம் பெறும் பெண்ணுக்குக் கல்லூரிப் பட்டத்தையும், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மார்க்கக் கல்வியையும் சேர்த்துத் தருகிற ஏற்பாட்டை, மகல்லா எனும் பள்ளிவாசல் வட்டாரம் தோறும் மாலை வகுப்பாகவேனும் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க முடியும். நன்றி.