வந்த ஆள் ஏன் நிற்பதில்லை?

அவையோருக்கு வணக்கம்.

சிறுதொழில் நடத்தும் யாரையும் கேட்டுப் பாருங்கள். "இந்த வருஷம் எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள்?" என்றால், "எடுக்கத் தயார், ஆள்தான் கிடைக்கவில்லை" என்பார். அதே வாரத்தில், வேலை தேடிக் களைத்துப்போன இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. வேலையும் ஆளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் காலமும் காசும் ஆகும்; அதனால்தான் காலியிடமும் வேலையின்மையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. இதை விளக்கிய பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடெஸ் மூவருக்கும் 2010இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தத் தேடும் செலவைப் பெரிய நிறுவனம் எளிதாகத் தாங்கிவிடும். ஆள் எடுப்பதற்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலோ, கணக்குப் பார்ப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் முதலாளியேதான். மிச்சமிருக்கும் நேரத்தில் விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். அங்கே ஒருவர் விலகினால், ஆயிரம் பேர் இருக்கும் ஆலையிலிருந்து ஒரே நாளில் நூறு பேர் போனதற்குச் சமம். உலக வங்கி சொல்லும் கணக்குப்படி, உலகத் தொழில் நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலையில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது ஒரு சிலருடைய புலம்பல் இல்லை.

வரும் வருஷங்களில் இது இளகுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஜப்பானில் உழைக்கும் வயதினரின் தொகை 1990களின் நடுவிலிருந்தே இறங்குமுகம். சீனாவின் மொத்த மக்கள்தொகையே 2022இல் குறைந்தது. திறமையின் கதையும் இப்படித்தான். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையில், தொழிலாளர்களின் அடிப்படைத் திறன்களில் 39 சதவீதம் 2030க்குள் மாறும் என்று முதலாளிகள் கணித்திருக்கிறார்கள். கணித்தவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குத் தனிப் பணம் ஒதுக்கக்கூடிய அவர்களே கவலைப்படுகிறார்கள் என்றால், நம் கவலைக்குக் காரணம் இன்னும் அதிகம்.

ஆனால் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆள் கிடைக்காதது பாதிப் பிரச்சினைதான். வந்த ஆள் நிற்காதது மறுபாதி. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை.

விலகிப் போகிறவர்களில் பலர் முதல் சில மாதங்களிலேயே போகிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. பெரிய இடங்கள் கூடுதலாகக் கொடுக்கின்றன. அந்தப் போட்டியில் நம்மால் எப்போதும் ஜெயிக்க முடியாது. ஆனால் நேர்காணலில் நாம் சொன்ன வேலை ஒன்று, வந்த பிறகு செய்யச் சொன்னது வேறொன்று என்றால், அதற்குச் சம்பளத்தைக் குறை சொல்லி என்ன பயன்? மாதக் கடைசியில் இரவு ஏழரை வரை இருக்க வேண்டியிருக்கும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கேட்டு இரண்டு பேர் எழுந்து போகலாம், போகட்டும். ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் 1973இல், தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களுக்கு வேலையின் கஷ்டத்தையும் முன்கூட்டியே காட்டிப் பார்த்தார். அப்படிப் பார்த்தவர்களுக்கு வேலையை விட்டுவிடும் எண்ணம் குறைவாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் கண்ட பலனும் பெரிதல்ல. ஆனாலும் உண்மையைச் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லையே!

தேர்ந்தெடுக்கும் முறையிலும் நாம் தவறு செய்கிறோம். "ஐந்து வருஷ அனுபவம் வேண்டும்" என்று போட்டுவிடுகிறோம். அனுபவ வருஷங்களை மட்டும் வைத்து ஒருவர் எப்படி வேலை செய்வார் என்று கணிப்பது கடினம் என்றுதான் இத்துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் அதைவிட நன்றாகக் கணிக்கிறது. கூடவே, செய்யப்போகும் வேலையில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அதற்கான நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். சான்றிதழ் இல்லாத, ஆனால் கை தேர்ந்த ஒருவர் அங்கேதான் கண்ணில் படுவார்.

அடுத்தது, எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். தொழில் தொடங்கிய காலத்தில், புதிதாக வந்தவரை மூத்தவர் பக்கத்தில் உட்கார வைத்து, "அவரைப் பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மூத்தவருக்கோ தன் வேலையை முடிக்கவே நேரம் போதாது. பக்கத்தில் இருந்தவர் கேள்வி கேட்கத் தயங்கினார். தப்பு செய்தார், திட்டு வாங்கினார், ஒரு நாள் வரவில்லை. அவர் திறமையில்லாதவர் என்று அப்போது முடிவு கட்டினேன். அது அநியாயம். கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்காதது நான்.

மூத்தவரிடம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தால் அதற்குரிய மணிகளை அவருடைய அன்றாட இலக்கிலிருந்து கழியுங்கள். முதல் மாதம் உற்பத்தி குறையும். அதை ஆள் எடுக்கும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தலைக்குள் மட்டுமே இருக்கிற வேலை நுணுக்கங்கள், எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்காது, எந்த இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்பதெல்லாம், இன்னொருவர் கைக்கு வர வேறு வழியில்லை. அவர் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். விடைபெறும் நாளில் மாலை போட்டுவிட்டு, "அந்தக் கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்கிற நிலை எனக்கு ஒருமுறை வந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டே பதில் சொன்னார்.